செண்பகத்தின் கட்டுரையை வாசித்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் எங்கள் வாசகர் வட்டக் கூட்டம். தலைப்பு – பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களில் பெண் அடிமைத்தனம். பேச வேண்டியவள் இலஞ்சி செண்பகம். ஸ்கூல் டீச்சர். கோடை லீவு முழுக்க நாவல் நாவலாகப் படித்து, கட்டுரை எழுதி, எனக்கு போனில் வாசித்துக் காட்டித் திருத்தியவள். அவளுக்கு இதுதான் முதல் மேடை.

நாற்காலிகள் நிரம்பிவிட்டன. செண்பகத்தைக் காணோம். கட்டுரையோடு வந்தவர் அவள் கணவர் சங்கரலிங்கம். வட்டத்தின் தலைவரும் அவர்தான்.

"குத்தாலத்துல சீசன்லா... மதுரையில இருந்து எங்க அக்கா குடும்பம் திடீர்னு வந்து இறங்கிட்டாவ. அருவியில குளிச்சிட்டு வந்தா பசி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அவளால வர முடியலை. நானே வாசிச்சிருதேன்."

சாரல் விழ ஆரம்பித்தால் இந்த ஊர் வீடுகளில் சொந்தக்காரர்களும் வந்து விழுவார்கள். எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வேளைக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நீங்களே சொல்லுங்கள். அவரிடமும் கேட்டேன்.

"விருந்தாளுக்குக் கடைச் சாப்பாடா? நல்லாவா இருக்கும் மேடம்?" என்றவர், வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

நன்றாகவே வாசித்தார். அதுதான் எரிச்சல்! அந்தக் கால நாயகிகள் ஏன் இருமி இருமியே சாகிறார்கள், படித்த பெண் ஏன் கடைசி அத்தியாயத்தில் புருஷன் காலில் விழுகிறாள்... எல்லாம் ஏற்ற இறக்கத்தோடு. பிறகு இந்த இடம் வந்தது: "அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம், அவளுக்காகப் பேச ஓர் ஆண் எழுந்து நிற்கிறான். சபையும் அவனுக்கே தலையாட்டுகிறது."

விரலை உயர்த்தி, இரண்டு தடவை வாசித்தார். சபையும் தலையாட்டியது. எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் நேராக இலஞ்சிக்குப் போனேன். வீடு முழுக்க ஈரத் துண்டுகள். செண்பகம் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த இடத்தை வாசிச்சாவளாக்கா?"

"வாசிச்சார். ரெண்டு தடவை."

"அவுகளுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணின மாதிரி தெரியலைம்மா."

தோசையைத் திருப்பிப் போட்டாள். "முன்வரிசையில உக்காந்து அவுக அதைக் கேக்கணும்னுதான்க்கா எழுதுனேன். இப்பம் அவுக வாயாலயே வாசிச்சும் அவுக காதுல விழலையே..."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கோ ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அடுத்த கூட்டத்தில் நீதான் பேசுகிறாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சங்கரலிங்கம் வந்து சேர்ந்துவிட்டார். ஹாலிலிருந்தே குரல்:

"ஏ செண்பகம்! என்னா கைதட்டு தெரியுமா? சரி சரி, எல்லாருக்கும் தோசையைக் கொண்டா!"

கைதட்டு யாருக்கு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.