திரையில் படிந்த விரல் கறை

அவளது வலது கை மவுஸை நகர்த்திக்கொண்டிருக்க, இடது கை உதட்டில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தது.

மர அறுவை ஆலையின் கணினியில் அப்டேட் வந்ததும் ஸ்டார்ட் மெனு தலைகீழாகிவிட்டது. எடைச்சீட்டு புரோகிராமைக் காணோம் என்று முதலாளி குமாஸ்தாவைக் கீபோர்டாலேயே விளாசினார். பழுதுபார்க்க வந்தவள் குறுக்கே புகுந்ததில் அவளுக்கும் ஒன்று விழுந்தது.

“மெனுவுல எது எங்க இருந்துச்சுண்ணே?” என்று அவரிடம் கேட்டாள்.

“அடிச்ச அடியில என் பேரே மறந்துபோச்சும்மா,” என்றார் குமாஸ்தா, தரையில் உட்கார்ந்தபடி.

உடைந்த கணினிகளைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவள் அவள். வேலை முடியும்வரை திரையைத் துடைக்க மாட்டாள். ‘இதைத் திற’ என்று முதலாளி தினமும் விரலால் குத்திக் காட்டிய இடங்களில் மரத்தூளும் எண்ணெயும் கறையாகப் படிந்திருந்தன. மெனுவைத் திறந்து, பெரிய கறைக்கு நேராக, அதிகம் திறக்கும் எடைச்சீட்டையும் சின்னதற்கு நேராக ரசீதையும் இழுத்து வைத்தாள்.

“இன்னும் எவ்வளவு நேரம்?” முதலாளி குமாஸ்தாவைச் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

“இவர் மேல இன்னொரு அடி விழுந்தா, எல்லாத்தையும் கலைச்சுட்டுப் போயிடுவேன்.”

வெளியே எடைக்கு நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. பிடி தளர்ந்தது.

அவள் மவுஸை முதலாளியின் கையில் வைத்தாள். “எல்லாம் பழைய இடத்துலயே இருக்கு, நீங்களே திறங்க. இவர நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”