யவனர் கோயிலில் ஏற்றாத விளக்கு

புதன்கிழமை இங்கே வளைகுடாவில், கராமாவில் உள்ள என் கடைக்கு வந்த தபாலில், குழாய் விலைப்பட்டியல்களுக்கு நடுவே ஒரு கருமாதிப் பத்திரிகை இருந்தது. திருத்தணி தணிகாசலம் போய்விட்டார். பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமை என்று அச்சிட்டிருந்தார்கள்.

குவைத்தில் எங்களோடு அறையில் இருந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டடக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். பென்சில் சீவிய தூளைக்கூடக் காகிதத்தில் மடித்துப் போடுகிறவர். நான் அப்போது குழாய்ச் சாமான்களைத் தோள்பையில் சுமந்துகொண்டு சைட் சைட்டாக அலைந்தவன்.

அவருடைய தாயார் இறந்த தந்தி வந்தபோது பாஸ்போர்ட், விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீலின் இரும்புப் பெட்டியில் இருந்தது. கஃபீல் வெளிநாட்டில் இருந்தார். தணிகாசலம் அழவில்லை. "கொள்ளி தம்பி போட்டுட்டான் அண்ணாச்சி. பதினாறாம் நாள் கோயில்ல ஒரு விளக்கு, அதையாவது நான் வைக்கணும்" என்றார். குவைத்தில் கோயிலுக்கு எங்கே போவது?

ஃபைலகாத் தீவில் பழைய மந்திர் ஒன்று இருப்பதாகத் துறைமுகத்தில் ஒரு படகுக்காரர் என்னிடம் சொன்னார். அதை அப்படியே இவரிடம் கொண்டுவந்து சொன்னேன். ஒரு குழாய் வாங்கப் பத்துக் கேள்வி கேட்கிற நான், யாருடைய மந்திர் என்று மட்டும் கேட்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன்: தீவில் விடுதி கட்டுகிறார்கள், குழாய் ஆர்டர் பிடிக்கலாம் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது.

பதினாறாம் நாள் தீவுக்குப் போன லாஞ்சில் மற்றவர்கள் கேமராவோடு வந்தார்கள். இவர் நல்லெண்ணெய், திரி, அகலுக்குப் பதிலாக ஒரு பூட்ஸ் பாலிஷ் டப்பா மூடி கொண்டுவந்தார். தீவில் இறங்கி நடந்தால் மொட்டை வெளி. இடுப்பளவுச் சுவர்கள், ஒரு மேடை, இரண்டு தூண்களின் அடிப்பாகம். கிரேக்கர் கோயில், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது என்று ஆங்கிலப் பலகை சொன்னது.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "சாமியே இல்லையேவே. யாரோ வெள்ளைக்காரன் கோயிலுல்லா. வாரும், போவோம்" என்றேன்.

அவர் பலகையை இன்னொரு முறை படித்தார். "கிரேக்கர்னா யவனர் அண்ணாச்சி. நம்ம பூம்புகாருக்கு வந்தவங்க. அவனும் பொழைக்க வந்தவன்தான். ஊர்ல அம்மா செத்த சேதி அவனுக்கும் இங்கதான வந்திருக்கும்?"

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிவைத்து மேடையில் ஏறினார். உச்சிவெயில்.

"கால் வெந்துரும்வே."

"வேகட்டும்."

தீக்குச்சியை எடுப்பதற்குள் காவலாளி ஓடிவந்தார். வயதான அரபி. "நார் மாஃபி, நார் மாஃபி." நெருப்பு கூடாதாம். அவர் வேலையை அவர் பார்த்தார். தணிகாசலம் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் வியாபார அரபி. துக்கத்துக்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது. சட்டென்று ஊரில் என் பக்கத்து வீட்டுக் காயல்பட்டினத்து முஸ்லிம்களின் அரபி கலந்த பேச்சு நினைவுக்கு வந்தது. இவரைக் காட்டி, "உம்மா மவுத்" என்றேன், தாயார் இறந்துவிட்டார் என்று.

காவலாளி நின்றார். இவருடைய வெறுங்காலைப் பார்த்தார். எங்களைத் தன் குடிசைக்கு அழைத்துப்போய், குடிக்க வைத்திருந்த தண்ணீரை இவர் பாதத்தில் ஊற்றினார். பிறகு கோயிலைப் பார்த்த ஜன்னல் திண்டிலிருந்து டீச் சாமான்களை நகர்த்தி, இங்கே வை என்று கை காட்டினார்.

விளக்கு எரிந்தது. மூவரும் உட்கார்ந்திருந்தோம். லாஞ்சுக்கு நேரமாகிவிட்டது என்று நான் இரண்டு முறை சொன்னேன்.

"அணையட்டும் அண்ணாச்சி. அம்மாவ அவசரப்படுத்தாதீங்க."

விடுதி கட்டும் இடத்தை நான் பார்க்கவே இல்லை. லாஞ்சில் அந்த மூடியைக் காகிதத்தில் சுற்றி என் பையில் போட்டார். "நீங்களே வச்சிருங்க. ரூம்ல இருந்தா எவனாவது பாலிஷ் டப்பாவுக்குன்னு தூக்கிடுவான்."

எண்ணெய்க் கறையோடு அது இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், எண்ணெய் தீரும்வரை உட்கார்ந்திருக்கக் கற்ற அந்த ஒரு மதியமும்தான். நேற்று வெள்ளி மாலை, கடையின் பின்ஜன்னலில் குழாய்களை நகர்த்திவிட்டு அந்த மூடியில் விளக்கேற்றினேன். சாமான் வாங்க வந்த ஒருவர் வாசலில் நின்று, "யல்லா பாய், ஜல்தி" என்று அவசரப்படுத்தினார்.

"அணையட்டும்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே காத்து நின்றார்.