ஓடுகிற மிஷினும் விலா வலியும்

தையல் மிஷின் பழுதுபார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் இல்லை. இதை அவள் கணவனே ஒப்புக்கொள்வான். இருவருக்கும் ஒரே கடை, ஒரே மேசை. இப்போது அவள் வயிற்றில் இருப்பது முதல் கரு கலைந்துபோனபின் வந்த பிள்ளை. அதனால் சின்ன வலிக்கும் அவளுக்கு உயிர் பதறியது.

ஐந்தாம் மாதம் எழுந்து நிற்கும்போதெல்லாம் அடிவயிற்று ஓரத்தில் சுருக்கென்று இழுத்தது. மருத்துவமனைக்கு ஓடினாள். கருப்பை வளரும்போது அதைத் தாங்கும் நார்கள் இழுபடும், ஓய்வெடுத்தால் போய்விடும் என்றார் நர்ஸ். விடாத வலி, ரத்தம், கடும் தலைவலி, கண் மங்கல் என்றால் யோசிக்காமல் வரச் சொன்னார். வீட்டில் நாத்தனார் விடுவாளா? இவள் தும்மினாலே ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்று வாரினாள். கடைக்கு வருகிறவர்களும் சேர்ந்து சிரித்ததில் இவளுக்கு மானம் போயிற்று.

எட்டாம் மாதம் வலது விலாவுக்குக் கீழே வலித்தது. படுத்தாலும் விடவில்லை. வாயு என்றார் மாமியார். கணவன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான்.

"நல்லா உதைக்குது. ஓடுற மிஷினை எதுக்குப் பிரிக்கணும்?"

அது கடையின் சட்டம். அவளே எத்தனையோ பேரை அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மறுபடியும் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தாள்.

ராத்திரி நூல் கோக்கப் போனால் ஊசிக் காது தெரியவில்லை. கண்ணில் பூச்சி பறந்தது, தலை வெடித்தது. நூலைக் கீழே போட்டாள்.

"மிஷின் நல்லாத்தான் ஓடுதுங்க. கோளாறு அதுக்குக் கரண்ட் குடுக்கிற என் உடம்புல. கிளம்புங்க."

காலையில் பார்க்கலாமே என்று அவன் இழுத்தான்.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். எனக்கு இந்தப் புள்ள வேணும்."

மருத்துவமனையில் பார்த்தால் ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. அது கல்லீரல்வரை போய்விட்டது, விலா வலி அதனால்தான் என்றார் டாக்டர். அன்றைக்கே அறுவை சிகிச்சை. பெண் குழந்தை, ஒரு பொட்டலம் அளவுதான். ஆனால் அது போட்ட கூச்சலில் வராந்தாவில் நின்ற அப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. காலைவரை பொறுத்திருந்தால் இரண்டு உயிருக்குமே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தார்கள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் இதைச் சொல்லிப் பெருமையடித்தாள். அடிக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது?

போன மாதம், இப்போது முழுகாமல் இருக்கும் நாத்தனார் கதவோரம் வந்து தயங்கி நின்றாள். "அண்ணி, வயிறு லேசா வலிக்குது. ஒண்ணுமில்லாமக்கூட இருக்கலாம்."

அவள் வண்டிச் சாவியை எடுத்தாள்.

"ஒண்ணுமில்லைன்னு டாக்டர் வாயால கேட்டுட்டு வருவோம். வா."