நான் கேட்ட பெயர்

திருமணமாகி ஏழு வருடமாகியும் எனக்குக் குழந்தை இல்லை. ஒரு பெயரை மட்டும் மனதுக்குள் வைத்திருந்தேன்: சாமுவேல். பைபிளில், பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய அழுது வேண்டினாள். குடித்திருக்கிறாள் என்றே அங்கிருந்த குரு நினைத்துவிட்டார். பிறகு பிறந்த மகனுக்கு, ஆண்டவரிடம் கேட்டுப் பெற்றவன் என்று அவள் வைத்த பெயர் அது.

இதை நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதிக்குக் குடிவந்த என் ஓரகத்தியிடம். சொல்லும்போது அழுதேன். அவளும் அழுதாள்.

அடுத்த வருடமே அவளுக்கு ஆண் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு என்னைத்தான் ஞானத்தாயாக நிற்கச் சொன்னார்கள். போதகர் பெயர் கேட்டார். கொழுந்தன், "சாமுவேல்" என்றார். குழந்தை என் கையில் இருந்தது.

பிரியாணிப் பந்தியில் நான் உட்காரவில்லை. அடுப்படியில் அவள் தனியாக அகப்பட்டாள்.

"அழுது கேட்டவ நானு. ஒனக்கு எதுக்குடி அந்தப் பேரு?"

"ஒங்க வாயால கேட்டதுலருந்து வேற பேரே மனசுல நிக்கலக்கா. தப்புன்னா தப்புதான்."

அவள் ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவனை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'அப்பு' என்பேன். பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மதுரை டாக்டரம்மா, இனி வாய்ப்பில்லை என்று சொன்ன பிறகு, மாடிப்படியில் அவன் காலடி கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

போன வருடம், நாலாம் வகுப்பில் அவரவர் பெயருக்கு அர்த்தம் எழுதி வரச் சொன்னார்களாம். நோட்டோடு மேலே வந்தான்.

"ஒங்ககிட்டதான் கேக்கணுமாம் பெரியம்மா. அம்மா சொன்னாங்க."

அன்னாள் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டான்.

"அப்ப எங்கம்மாவும் என்னைய அழுது கேட்டாங்களா?"

"இல்லப்பு. ஒங்கம்மா கேக்கல. நான்தான் கேட்டேன்."

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அவன் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் அந்த நோட்டோடு அவள் மாடி ஏறி வந்தாள். சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"ரெண்டு எழுத்துப்பிழை இருந்துச்சு, திருத்திட்டேன். மத்தபடி அவன் எழுதுனது நெசந்தானக்கா" என்றாள். காபி போட்டுத் தந்தேன். இருவரும் குடித்தோம்.

அன்றோடு பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். போன வாரம் அவனுக்குக் காய்ச்சல். மிளகு ரசம் வைத்துக் கொண்டுபோனேன். நான் நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதே டம்ளரை அவன் அம்மா வாங்கி நீட்டினாள், மடமடவென்று குடித்தான். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.