பைபிளுக்குள் அம்மா வைத்த சீட்டு

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் குரல் போனது. அந்தப் பயத்தை நினைக்க இன்றும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஏசப்பா எனக்குச் செய்ததை மறைக்க மனசில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குப் பூதலூர் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் வயல் வேலை செய்கிறவர்கள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். எம்.காம். முடித்தேன். பாட்டை நானே எழுதி, நானே மெட்டுப் போட்டுப் பாடுவேன். சபையில் நீளமாக ஜெபிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சமில்லை, நிறையவே.

தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் ஸ்டான்லி அண்ணன் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவர்தான் என் நாலு பாட்டுக்கும் இசை சேர்த்துப் பதிவு செய்தார். முதல் இரண்டும் ஒரே டேக்கில் முடிந்தன. "உனக்கு ரெண்டாவது டேக்கே வேணாம்மா" என்றார். அந்தப் பேரைக் காப்பாற்றப் போய்த்தான் கெட்டேன்.

மூன்றாவது பாட்டுக்குப் போனபோது ஊரில் சம்பா அறுப்பு. மிஷின் கிளப்பிய தூசியில் தொண்டை கரகரத்தது.

"தொண்டை கட்டியிருக்கா? சுருதியை ஒரு கட்டை இறக்கிப் பாடலாமா?" என்று ஹெட்போனில் கேட்டார் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க போடுங்க."

பொய். வலித்தது. வெந்நீரைக் குடித்துக் குடித்து, உச்சத்தில் போகும் அந்த ஒரு வரியை இருபது தடவைக்கு மேல் கத்தினேன். அப்புறம் வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் பதறி எழுந்தார்.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாணில் ரத்தம் கட்டி வீங்கியிருந்தது. மூன்று வாரம் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். "சுருங்கலைன்னா ஆபரேஷன்தான். பழைய குரல் வரும்னு உறுதி சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும், கூட வந்த அண்ணன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். ஒரு தாளில் எழுதி நீட்டினேன். நீட்டிய பிறகுதான் உறைத்தது. யார் படிப்பார்கள்? இத்தனை படித்தும் என் வீட்டிலேயே ஊமையானேன்.

அம்மா அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் பைபிளைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். அதன் மேல் கை வைத்து ஜெபித்தார்.

"ஏசப்பா, வாய்க்கால்ல கோரை அடைச்சா நாங்க எறங்கி எடுத்துருவோம். இந்தப் புள்ள தொண்டையில அடைச்சது எங்க கைக்கு எட்டாது. நீங்க எடுங்க."

அவ்வளவுதான். இதற்கு முன் அம்மா இப்படி ஜெபித்தால் எனக்குச் சபையில் வெட்கமாக இருக்கும். அன்று என்னால் "ஆமென்" சொல்லக்கூட முடியவில்லை.

மூன்று வாரமும் பயம்தான். தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று வாயில் துண்டு கட்டிப் படுத்தேன். இருமல் வந்தால் செத்தேன் என்று நினைப்பேன். அம்மா தினமும் அதே ஜெபத்தைச் செய்தார்.

கெடு முடிந்ததும் டாக்டர் பார்த்தார். "நல்லா சுருங்கிடுச்சு. ஆபரேஷன் வேணாம். 'ஈ' சொல்லும்மா."

எனக்கு வாய் திறக்கப் பயம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். நூல் போல ஒரு சத்தம் வந்தது. என் சத்தம்!

டாக்டர் பாட அனுமதித்த பிறகு ஸ்டுடியோவுக்குப் போனேன். "அண்ணே, அன்னிக்கு வலிச்சுது. மறைச்சுட்டேன். ஒரு கட்டை இறக்குங்க" என்றேன்.

"இதைச் சொல்ல மூணு வாரம் ஊமையா இருந்தியா?" என்று சிரித்தார். இறக்கிய சுருதியில் பாட்டு முடிந்தது. இப்போது வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். என் ஜெபமும் சுருங்கிவிட்டது.

உங்களுக்கும் கைக்கு எட்டாத ஏதாவது இருக்கலாம். பயத்தில் வார்த்தையே வராமல் போகலாம். அப்படியே ஏசப்பாவிடம் கொண்டுபோங்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன், அது போதும்.

அந்தச் சீட்டு இன்னும் பைபிளில்தான் இருக்கிறது. "அதுல 'பயமா இருக்கு'ன்னு எழுதியிருந்தேம்மா" என்று போன வாரம்தான் சொன்னேன்.

"அது தெரியும்டி" என்றார் அம்மா. "அதான் அவர்கிட்ட வச்சேன்."