என் பெயரில் வந்த கதைகள்

ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்பே நான் எழுத்தாளர் ஆகிவிட்டேன். கதை எழுதியது என் வீட்டுக்காரர். கள்ளக்குறிச்சியில் ஒரு அரிசி மண்டியில் வேலை பார்த்துக்கொண்டே மெட்ராஸ் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவார். தபால்தலை ஒட்டி உள்ளே வைத்த உறையிலேயே அவை போன வேகத்தில் திரும்பி வரும். அலுத்துப்போய் ஒரு கதையில் தன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டு அனுப்பினார். அது வெளியாகிவிட்டது.

"பொம்பள பேருன்னா ஒடனே போட்டுடறான். உன் பேரு இன்னா தேஞ்சா பூடும்?" என்றார்.

அச்சில் என் பெயரைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அதற்கப்புறம் கதைகள் வரிசையாக வந்தன. கச்சிராயபாளையத்தில் என் அப்பா பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கரும்புக் கொல்லைக்கும் போவார், டவுன் பஸ்ஸிலும் ஏறுவார். "எம் பொண்ணு எழுதனதுங்க" என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் நீட்டுவார். ஆனால் கதை எப்படி என்று மட்டும் வாய் திறக்க மாட்டார். திறக்க என்ன இருக்கிறது? எல்லாம் மெட்ராஸ் காலேஜ் பெண்களின் காதல். எங்கள் இருவரில் காலேஜ் வாசலை மிதித்தவர் யாருமில்லை.

அந்த எரிச்சலில்தான் நானே எழுத உட்கார்ந்தேன். கரும்பு வெட்டுக்குக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து எங்கள் கொல்லையோரம் குடிசை போட்டுத் தங்கும் பெண்களில் ஒருத்தி கையை வெட்டிக்கொண்டாள். வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவான் என்று பயந்து, முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வெட்டினாள். அதை எழுதி என் பெயரில் அனுப்பினேன். 'இதில் உங்கள் வழக்கமான நடை இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"எம் பேர நீங்க வெச்சிக்கினீங்க. நான் யார் பேர்ல எழுதறதுங்க?" என்று கேட்டேன்.

"பேருக்கா பஞ்சம்? வேற ஒண்ணு வெச்சிக்கோ" என்றார்.

வைத்துக்கொண்டேன். வேறொரு பத்திரிகையில் அந்தக் கதை வந்தது.

அந்தப் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்த அப்பா திடீரென்று என்னைப் பார்த்தார்.

"யாரோ ஒரு பொண்ணு எழுதிக்குது பாரும்மா, கரும்பு வெட்டறவள பத்தி. நம்ம கொல்லைல நின்னு பாத்த மாதிரி கீது. படிச்சிட்டு ரெண்டு நாளா சோறு எறங்கல. நீயும் இன்னாமோ எழுதிக்கினுகீற. இந்த மாதிரி ஒண்ணு எழுதக் கூடாதா?"

மாப்பிள்ளை வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுப் பேசுகிற மனிதர் அவர். அந்த மாப்பிள்ளைதான் இத்தனை நாளும் உங்களை ஏமாற்றினார் என்று எந்த வாயால் சொல்வது? என் வீட்டுக்காரர் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. அவராவது சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

"எழுதிப் பாக்கறேம்பா" என்றேன்.

அடுத்த பொங்கலுக்கு அப்பா இல்லை. பிறகு நிறைய எழுதினேன், மாலைகூடப் போட்டார்கள். தன் பெண்ணுக்கு அந்த அளவுக்கு எழுத வராது என்று நினைத்துக்கொண்டேதான் அவர் போயிருப்பார்.