ஒரு வாரத்தின் ஒன்பதாவது வருடம்

வெர்மான்ட் சாலையில், சலூனுக்கு எதிரே, பேருந்து நின்றது. அங்கே நிறுத்தம் கிடையாது. ஓட்டுநர் ஜன்னலைத் தள்ளித் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்.

“பெர்சி! கத்திரியக் கீழ வை!”

சலூன்காரர் பெர்சி கத்திரியோடு வாசலுக்கு வந்தார். “காதோரம் லேசா ஒதுக்கிவிடறேன், அவ்வளவுதான்க்கா.”

“ஒண்ணும் ஒதுக்க வேணாம். அவனுக்கு இன்னும் வியாழக்கிழமையே முடியல. சனிக்கிழமை வரைக்கும் அந்தத் தலைல எவன் கையும் படக் கூடாது.”

உள்ளே துணி போர்த்தி உட்கார்ந்திருந்த ஹார்லன் டூசே, மாட்டிக்கொண்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். பேருந்தில் ஒரு பெண் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, “ஏம்மா, எனக்கு வேலைக்கு நேரமாகுது” என்றாள். “உனக்கு அஞ்சு நிமிஷம்தான் போகும், தங்கச்சி. அந்த முடி போச்சுன்னா எனக்கு எட்டு மாசம் போகும்” என்றபடி ஓட்டுநர் வண்டியை எடுத்தார். இது மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. எந்த வருடத்தைச் சொன்னாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்ல வேண்டியிருக்கும். பணிமனைக்கு அவர்மேல் இதுவரை நாலு புகார் போயிருக்கிறது.

ஓடீலியா கெயின்ஸுக்கு வயது ஐம்பத்தொன்று. எங்கள் கறுப்பர் பேட்டையில் மிஸ் ஓடீ என்றால்தான் தெரியும். வார நாட்களில் பேருந்து ஓட்டுகிறார். சனி, ஞாயிறுகளில் சினிமா எடுக்கிறார். ஒரே ஒரு சினிமா. எழுபத்தாறில் தொடங்கியது, இப்போது எண்பத்தைந்து. டயர் தொழிற்சாலையில் வேலை போன ஒருவன், அதை மனைவியிடம் சொல்லாமல் திங்கள் முதல் சனி வரை தினமும் சாப்பாட்டுப் பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். அவ்வளவுதான் கதை. ஹார்லன்தான் அந்த ஆளாக நடிக்கிறார். கதையில் ஆறு நாள் ஓடுகிறது. அந்த ஆறு நாளை எடுக்கத்தான் எங்களுக்கு ஒன்பது வருடம்.

எங்களுக்கு என்றால், மைக் கட்டிய கம்பைத் தூக்கிப் பிடிப்பது நான். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவன். ‘ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து இதப் பிடிப்பா’ என்று கூப்பிட்டார், போனேன். என் வலது தோள்பட்டை இன்றுவரை பழைய நிலைக்கு வரவில்லை.

கேமரா எங்களுடையது அல்ல. நகரக் கல்லூரியின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்டர் டாப்னி, மாணவர்கள் யாரும் கேட்காத வாரங்களில், வெள்ளிக்கிழமை மாலை அதை எடுத்துக் கொடுப்பார். திங்கள் காலை எட்டு மணிக்கு அது அலமாரியில் இருக்க வேண்டும். ஃபிலிம், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஸ்டுடியோக்கள் வெட்டிப் போட்ட மிச்சம். சிலதில் இரண்டு நிமிடம் வரும், சிலதில் நாற்பது நொடி. ஹார்லன் பேச ஆரம்பித்தால் நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம், சுருள் முந்துமா அவர் முந்துவாரா என்று.

ஆனால் மிஸ் ஓடீயைத் தூங்கவிடாதது கேமராவோ ஃபிலிமோ இல்லை, காலம். படத்தில் திங்களுக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஓர் இரவு. எங்களுக்கு நடுவே பதினான்கு மாதம். எனவே பேட்டை முழுவதையும் அவர் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். மதுக்கடைக்காரர் சுவருக்கு வெள்ளை அடிக்க ஆள் கூட்டிவந்தபோது, மிஸ் ஓடீ சுவரில் சாய்ந்துகொண்டு நகரவே மாட்டேன் என்றார். கடைசியில் வெள்ளை அடிக்க வந்தவனையும் படத்தில் நடிக்க வைத்துவிட்டார். ஹார்லன் வீட்டு அடுக்களைக்குள் எந்த நேரத்திலும் நுழைந்து பானை மூடியைத் திறந்து பார்ப்பார்.

“இமோஜீன், இன்னொரு கரண்டி பீன்ஸ் போட்டேன்னு வை, புதன்கிழமை தின்னது என் படத்துல வியாழக்கிழமை தொப்பையாத் தெரியும்.”

“ஏன்டி, கட்டிக்கிட்டவ நானா நீயா?” என்பாள் இமோஜீன், ஹார்லனின் மனைவி. கரண்டி மட்டும் பானைக்குள்ளேயே நிற்கும்.

மிஸ் ஓடீயிடம் எனக்குப் பிடிக்காத குணமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்வது காதில் ஏறாது. கதை எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில்தான் எடுப்பார். உலகத்தில் வேறு யாரும் அப்படி எடுப்பதில்லையாம். மிஸ்டர் டாப்னி தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். மகளாக நடித்த ஆறு வயதுப் பெண்ணுக்கு மட்டும் விலக்கு. பல் விழுந்துவிடும் என்று, அவள் வரும் எல்லாக் காட்சிகளையும் முதல் கோடையிலேயே எடுத்துவிட்டார். அதே மாதிரி ஹார்லனின் கடைசிக் காட்சியையும் எடுத்து வைத்துவிடலாமே என்று நான்கூடக் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம், வீட்டு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறான். பேச்சு இல்லை. முகம் மட்டும், முப்பது நொடி. அதோடு படம் முடிகிறது.

“அது அஞ்சு நாள் அலைஞ்சவன் மூஞ்சிப்பா. அலையறதுக்கு முந்தியே அதை எப்படி எடுப்பேன்? ஹார்லன் எங்க போயிடப் போறான்?”

முகம் என்று வந்துவிட்டால் அவர் பேச்சே மாறிவிடும். அவருடைய அம்மா ஸ்டுடியோக்களில் துண்டு வேடம் போட்டவர். “எங்கம்மா பதினோரு படத்துல இருக்கா. பதினொண்ணுலயும் கைதான். காபித் தட்டை வைக்கிற கை, கோட்டை வாங்குற கை. சின்னதுல தியேட்டர்ல உக்காந்து, இப்ப மேல காட்டுவான், இப்ப மேல காட்டுவான்னு பார்ப்பேன். காட்டவே மாட்டான்.” இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சொல்லி முடித்ததும் எழுந்து போய்விடுவார்.

ஃபிலிம் கழுவும் லேப்காரர்களோடு அவர் போட்ட சண்டைகளைத் தனிப் புத்தகமாகப் போடலாம். அங்கே அச்சு போடுகிறவர்கள் ஒரு வெள்ளைக்காரப் பெண் படத்தை முன்னால் வைத்து, அவள் கன்னத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். எங்கள் ஆட்களின் முகம் அச்சில் கரிக்கட்டையாகத் திரும்பிவரும். கண்ணும் பல்லும் மிதக்கும். மிஸ் ஓடீ ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டி அனுப்புவார்: ‘சுவரைப் பார்த்து அச்சிட வேண்டாம். ஆளைப் பார்த்து அச்சிடவும்.’ பதிலுக்கு ஒருவன் தொலைபேசியில் கேட்டான், “மேடம், இது பகல் காட்சியா, இருட்டா?” அவர் சொன்னார், “அது மனுஷன் முகம் தம்பி. மறுபடி போடு.” மறுபடி போட வைத்தார். ஐந்தாவது தடவையில் ஹார்லனின் நெற்றிச் சுருக்கம் திரையில் தெரிந்தபோது, கல்லூரியின் சின்ன அறையில் நாங்கள் ஏழு பேரும் எழுந்து நின்றுவிட்டோம்.

ஒரே ஒரு தடவை ஸ்டுடியோவிலிருந்து பெரிய ஆள் ஒருவர் வந்தார். புதன்கிழமை வரை எடுத்ததைப் பார்த்தார். நல்ல மனிதர்தான்; கண்கூடக் கலங்கியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ரொம்ப அருமையா இருக்கு. ஆனா இதை யார் பார்ப்பாங்க?” என்றார்.

“இப்ப நீங்க பார்த்தீங்களே” என்றார் மிஸ் ஓடீ.

கதாநாயகனை மாற்றினால், அவன் கையில் ஒரு துப்பாக்கியும் கொடுத்தால், பதினெட்டு நாளில் முழுப் படத்தையும் தாங்களே எடுத்துவிடலாம் என்று கிளம்பும்போது வந்தவர் சொன்னார். கார் வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்த மிஸ் ஓடீ, நேராக என்னிடம் வந்து, “பதினெட்டு நாளாம்ப்பா” என்றார். அதில் கோபம் இல்லை. ஏக்கம்தான் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இருந்தது.

இந்த மார்ச்சில் வெள்ளிக்கிழமை முடிந்தது; அதாவது படத்து வெள்ளிக்கிழமை. மூன்றாம் நாள், தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஹார்லன் வாளியோடு சாய்ந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. இடது கையும் காலும் பாதிதான் திரும்பின. முகத்தின் இடது பக்கம் திரும்பவே இல்லை. கண் இறங்கி, வாய் ஒருபுறம் சரிந்துவிட்டது.

மிஸ் ஓடீ தினமும் பேருந்தை விட்டு இறங்கியதும் அவரைப் போய்ப் பார்த்தார். படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியது ஹார்லன்தான். வாய் குழற, “எப்ப... சனிக்கிழமை?” என்பார். ஜூன் மாதம் மிஸ்டர் டாப்னிக்கு ஓய்வு. அவருக்குப் பின் அந்த அலமாரி எங்களுக்குத் திறக்காது. அவர் கடைசியாகக் கேமராவை எடுத்துக் கொடுத்த வெள்ளிக்கிழமை, இமோஜீன் பேருந்து நிறுத்தத்துக்கே வந்து படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டாள்.

“ஓடீலியா, அவர் மூணு மாசமா கண்ணாடி முன்னால நிக்கிறாரு. தெருவைப் பார்க்கிற மாதிரி பார்த்துப் பார்த்துப் பழகுறாரு. நீ அந்த மூஞ்சிய எடுக்கணும். எடுக்கலைன்னா அவருக்கு வேற ஒண்ணும் இல்ல.”

“எடுக்காம எங்க போறேன்” என்றார் மிஸ் ஓடீ.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து அவரோடு நடந்து போனேன். வழியில் நின்று கேட்டார்: “வெள்ளிக்கிழமை நல்லா இருந்தவன் சனிக்கிழமை எப்படிப்பா இப்படி ஆவான்? ஒன்பது வருஷமா ஒரு முடி மாறாமக் காப்பாத்தி வச்சிருக்கேன். பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?”

“ஆவான். நம்ம ஆளுங்க ஒரே நாள்ல அப்படி ஆகுறதை நீங்க பார்த்ததில்லையா?”

அவர் முன்னால் நடந்தார்.

ஹார்லன் வீட்டு முன்னால் பாதித் தெரு கூடியிருந்தது. நாற்காலி போட்டாகிவிட்டது. பெர்சி, பழைய அளவிலேயே வளர்த்துவைத்த முடியைச் சீவிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தொழிற்சாலைச் சட்டையில் ஹார்லன் உட்கார்ந்திருந்தார். தோய்த்துத் தேய்த்த சட்டை. உள்ளே இருந்த உடம்புதான் சிறுத்துப்போயிருந்தது. மிஸ் ஓடீ ஸ்டாண்டை அவருக்கு நேர் எதிரே ஊன்றிக் கேமராவில் கண்ணை வைத்தார்.

“எடு... ஓடீ. நா... தயார்.”

“தெருவைப் பாரு, ஹார்லன்.”

அவர் பார்த்தார். எனக்குச் சினிமா தெரியாது. ஆனால் அந்த முகத்தின் வலது பாதியில் ஆறு நாளும் இருந்தன. இடது பாதியில் அந்த ஆறு நாளுக்குப் பிறகு வரப்போவதெல்லாம் இருந்தது. இதற்குத்தான் ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது என்று தோன்றியது. கேமராவை ஓட்டுங்கள், ஓட்டுங்கள் என்று மனதுக்குள் கத்தினேன்.

மிஸ் ஓடீ நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. வெயில் நாற்காலிக் காலைவிட்டு நகரத் தொடங்கியது. பிறகு அவர் நிமிர்ந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், ஸ்டாண்டின் மூன்று கால்களையும் ஒன்றாகச் சேர்த்து, கேமராவோடு தோளில் தூக்கிக்கொண்டார். ஹார்லனைச் சுற்றிக்கொண்டு நடந்து, நாற்காலிக்குப் பின்னால் ஆறடி தள்ளி மறுபடி ஊன்றினார்.

இமோஜீன் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றிருக்கலாம். கம்பைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நானும் பின்னால்தான் போனேன்.

கேமரா ஓடும் சத்தம் கேட்டது. ஹார்லன் திரும்பவில்லை, தெருவைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு நல்ல கையை மெல்ல உயர்த்தி, பிடரியில் மடங்கியிருந்த காலரைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டார்.